ஏழாவது வாரப் பதிவு

— மணி பத்தே முக்கால் ஆச்சு. இன்னும் அதை எடுக்கலையா?

— எதை?

— தெரியாத மாதிரி கேக்காதே. நெட்ல, உன் காலேஜ் பிளாக்ல எழுதியிருக்கே... ஏழாவது வாரம்.

— அடேங்கப்பா! வாராவாரம் உட்கார்ந்து என்ன தட்டுறேன்னு இதுவரைக்கும் எட்டிப் பார்க்காத ஆளு. எப்பப் படிச்சீங்க?

— காலையில. ரிப்பேர் பண்ற லிஃப்ட் மேல உட்கார்ந்துக்கிட்டு.

— அதுக்காகவா பாதி வேலையில வீட்டுக்கு வந்தீங்க?

— ஆமா. பதினாலு மாடியும் இப்ப படியில ஏறிக்கிட்டிருக்கு, என்னைத் திட்டிக்கிட்டே. எடு அதை.

— எடுக்க முடியாதுங்க. அந்த வாரம் எழுத்து வகுப்புல என்ன கத்துக்கிட்டோம்னு எழுதினது. பன்னெண்டு மணிக்கு மேடம் பார்த்து மார்க் போடுவாங்க. ஒரு வாரம் குறைஞ்சாலும் பாஸ் இல்லை.

— அப்ப மாத்தி எழுது.

— அழிக்கக் கூடாது. தப்புன்னா அது மேல ஒரு கோடு போட்டு, சரியானதைக் கீழே எழுதணும். பழசும் கண்ணுல படணும். அதான் எங்க மேடத்தோட சட்டம்.

— எங்க சர்வீஸ் நோட்டு மாதிரியா?

— அதே மாதிரிதான். நீங்களும் வந்து சேர்ந்துடுங்க.

— சிரிக்காதே. குப்பைத் தொட்டியில கிடந்ததை எடுத்துப் படிச்சிருக்கே.

— கொட்டத்தான் போனேன். பார்த்தா உங்க கையெழுத்து. கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம், நீங்க ஒரு பக்கம் எழுதி நான் பார்த்ததில்லை.

— அதை ஊருக்கே சொல்லணுமா?

— பேர் போடலையே. ‘வீட்டில் ஒருவர்’னுதான் போட்டேன். அந்த வாரம் பாடம், திருத்தி எழுதுறது. ரெண்டு மணி நேரம் மேடம் சொன்னாங்க, மண்டையில ஏறலை. உங்க அண்ணனுக்கு நீங்க எழுதிக் கசக்கிப் போட்ட நாலு தாளைப் பார்த்ததும் ஏறிடுச்சு.

— நல்லா ஏறிச்சு.

— முதல் தாள் ரெண்டு பக்கம். பூரா உங்க அண்ணன் பண்ணின தப்பு. அடுத்தது ஒரு பக்கம். மூணாவதுல, ஆஸ்பத்திரி வராந்தாவுல எல்லார் முன்னாடியும் அவரைப் பார்த்து நீங்க சொன்ன அந்த வார்த்தை...

— போதும்.

— நாலாவதுல ஒரே வரி. ‘நல்லா இருக்கீங்களா?’

— போதும்னேன்ல.

— ...கோபமா?

— கடைசியில என்ன எழுதியிருக்கே? அதைப் படி.

— ‘ஐந்தாவது தாள் தொட்டியில் இல்லை. அதை அவர் அனுப்பிவிட்டார்.’

— நான் அனுப்பினதை நீ பார்த்தியா?

— இல்லை... ஊகம்தான்.

— ஊகமா? பார்த்ததை மட்டும் எழுதுன்னு மேடம் சொன்னதா மூணாவது வாரம் நீயே எழுதியிருக்கே.

— மூணாவது வாரமும் படிச்சீங்களா!

— எல்லாத்தையும் படிச்சேன். பேச்சை மாத்தாதே.

— வகுப்புல இருக்கிற பதினோரு பேரு பார்க்கிற பிளாக். இதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிறீங்க? உங்களுக்கு யாரு சொன்னா?

— அண்ணன் போன் பண்ணினாரு.

— உங்களுக்கா? எப்ப?

— காலையில. நம்பரைத்தான் நான் அழிச்சிட்டேனே. யாரோன்னு எடுத்தேன். ‘டேய்’னாரு. அவ்வளவுதான்... தெரிஞ்சு போச்சு.

— ரெண்டரை வருஷம் கழிச்சு.

— ‘லெட்டர் இன்னும் வரலையேடா’ங்கிறாரு. மூணு வாரமா தினமும் கீழே இறங்கிப் போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாராம். அந்த முட்டி வலியோட.

— ஐயோ.

— எந்த லெட்டர்னு கேட்டேன். ‘உன் பொண்டாட்டி எழுதியிருக்காளே’ங்கிறாரு. போன்ல ஒரு போட்டோ வந்தா திறக்கத் தெரியாத மனுஷன். அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?

— தண்ணி கொண்டு வரட்டுமா?

— வேண்டாம். என்னைப் பாரு.

— ...நான்தான் அந்தப் பதிவை அனுப்பினேன். அக்காவுக்கு. உங்க அண்ணிக்குத்தான்.

— நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?

— சண்டை உங்களுக்குள்ளதானே? நாங்க ஒரு வாரம்கூட விட்டதில்லை.

— அடிப்பாவி.

— இருங்க, இன்னும் முடியலை. அது ஊகமும் இல்லை. நாலாவது தாளைக் கசக்கிப் போட்டுட்டு, பேனாவை மூடி வெச்சிட்டுப் போய்ப் படுத்துட்டீங்க. அஞ்சாவதுன்னு ஒண்ணே கிடையாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்.

— பொய்யா? மார்க் போடுற பிளாக்லயா?

— அதுல அந்த ஒரு வரிதான் பொய். எழுதினா நடந்துடும்னு ஒரு நப்பாசை... சரி, விடுங்க. இப்பவே கோடு போட்டுடறேன். ‘இது நடக்கவில்லை, நானாக எழுதினேன்’னு கீழே போட்டுடறேன். மேடம் ஃபெயிலாக்கினா ஆக்கட்டும். அக்காவும் பார்த்து அவர்கிட்ட சொல்லிடுவாங்க. பாவம், இனிமே அவர் படி இறங்க வேண்டாம்.

— போடாதே.

— எடு எடுன்னு நீங்கதானே...

— அது கோபத்துல சொன்னது. கையை எடு அதுலேர்ந்து.

— ஏன்? லெட்டர் எங்கேன்னு கேட்டாரே, என்ன சொன்னீங்க?

— கதவு எண்ணைத் தப்பாப் போட்டுட்டேன், திரும்பி வந்துடுச்சு, மறுபடி அனுப்பியிருக்கேன், வியாழக்கிழமைக்குள்ள வந்துடும்னு சொல்லிட்டேன். நீ பத்து வாரமா எழுதப் படிக்கிறியே... தப்பு என்னோடதுதாங்கிறதை எப்படி ஆரம்பிக்கிறது?