கிணற்றுக்குள் எரியும் டார்ச்

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி என் எதிரில் உட்கார்ந்த காவலாளி, கூட வந்த நண்பரிடம் சொன்னார்:

"புது டார்ச்ச ஆன் பண்ணி கெணத்துல எறக்குனேன் மாமே."

"இன்னாத்துக்கு?"

"பழசு டூட்டில கைதவறி தண்ணில வுழுந்து அணைஞ்சிடுச்சு. எதுக்க ஒருத்தன் கத்தியோட நிக்கிறான், ஒண்ணியும் தெரியல. இது தண்ணில வுழுந்தாலும் எரியுதான்னு பார்த்தேன். கயிறு அவுந்துகிச்சு."

"போச்சா?"

"எங்க போச்சு! அடியில எரிஞ்சுகினே கீது. மீனு, எங்கம்மா எப்பவோ தொலைச்ச சொம்பு, எல்லாம் தெரியுது. எங்க தெருவே வந்து எட்டிப் பார்க்குது."

நண்பரின் குரல் தாழ்ந்தது. "பாதாளக்கரண்டி போட்டு எடுக்கலியா?"

"மனசு வரல மாமே. டூட்டிக்கு அதே மாதிரி இன்னொண்ணு வாங்கத்தான் போய்கினு கீறேன்."