கெணத்துத் தீர்த்தம்

தள்ளி உக்காருங்க... அடுப்ப மறைக்காதீங்க. நாளெல்லாம் தேயிலைக் கொழுந்தெடுத்து இடுப்பு விட்டுப்போச்சு, இதுல ஒங்களுக்குப் பேய்க் கதை வேற கேக்குது. சரி, நடுவுல பேசக் கூடாது.

அந்தி ஆறரை மணி. உடப்புசல்லாவை றோட்டு. நீட்டுன கை தெரியாத பனி. நம்ம அம்மாக்கண்ணு அக்காவோட அண்ணன் மூக்கன் ஒத்தையில வாராரு. கையில புள்ளைக்குப் பால்மாப் பொட்டலம். பொஞ்சாதி நாகலெட்சுமி செத்து ஒரு மாசம் ஆகல...

அந்த வருசம் மழை இல்ல, மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி நூலாப் போச்சு. தோட்டத்துல கெணறு வெட்டுனாங்க. கண்ணாடி மாதிரி தண்ணி. அப்பறம் கொழும்புல இருந்து ஆளுக ஒரு பெட்டியோட வந்தாங்க. கெணத்துக்கிட்ட போனதும் பெட்டி கடகடன்னு கத்துச்சு! நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல, போயிட்டாங்க. குறி சொல்லுற கோடாங்கி ஆண்டியப்பன்தான் உடுக்கடிச்சுச் சொன்னாரு, "முனி எறங்கியிருக்கு, இது தீர்த்தம்"னு. நாகலெட்சுமி அப்பதான் புள்ள பெத்திருந்தா. காலு வீங்கிக் கெடந்தா. வேற தண்ணி காட்டாம இதையே குடுத்தாரு மூக்கன். தன் கையாலயே குடுத்தாரு, பாவி மனுசன்.

அன்னைக்குப் பால்மா வாங்குன கடையில வச்சுத்தான் பங்களா சமையக்காரரு சொல்லியிருக்காரு. "தீர்த்தமாவது மண்ணாவது! கல்லுக்குள்ள யுரேனியமாம், அணுகுண்டு செய்யுற சாமானாம், தண்ணியில கரைஞ்சிருக்காம். தொரை அப்பவே பங்களாவுக்கு வேற தண்ணி எடுத்துட்டாருய்யா."

அதக் கேட்டுட்டுத்தான் அந்தப் பனியில நடக்குறாரு.

வரிசை வீட்டு லயத்துக்கு வந்து கதவத் தொறந்தா... ஈரச் சேத்து வாசம். புள்ளையப் பாத்துக்கச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரி அடுப்புப் பத்தவைக்கப் போயிட்டா. புள்ள தொட்டில்ல சிரிச்சுக்கிட்டுக் கெடக்கு. வாயெல்லாம் ஈரம். பால்மா கரைச்சு வச்சா குடிக்க மாட்டேங்குது, வயிறு நெறைஞ்சிருக்கு. கீழ பாத்தா ஈரக் கால்தடம். வீங்குன காலு... வெரலே பதியல.

மூக்கனுக்கு வெளங்கிருச்சு. பெத்தவ வந்து தீர்த்தம் ஊட்டிட்டுப் போறா. அது நஞ்சுன்னு அவகிட்ட யாரு சொன்னா?

"வேணாம் புள்ள! நான்தான் ஏமாந்துட்டேன். அது நஞ்சு... நம்ம புள்ளைக்குக் குடுக்காத!" சுவத்தப் பாத்துக் கத்துறாரு மனுசன்.

மூலையில சொட்டு... சொட்டுன்னு ஒரு சத்தம். அப்பறம் அதுவும் நின்னுபோச்சு.

விடிய வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குப் போக லயமே எந்திரிச்சா, எல்லா வீட்டுத் தீர்த்தக் குடமும் கவுந்து கெடக்கு. எவன்டா இந்த வேல பாத்தவன்னு ஒரே சண்டை.

ஆண்டியப்பன் வீட்டுக் கதவு மட்டும் தொறக்கல. இடிச்சுத் தொறந்து பாத்தாங்க. அங்க குடம் கவுறல... வழிய வழிய நெறைஞ்சிருந்துச்சு. கோடாங்கி மல்லாந்து வெறைச்சுக் கெடக்காரு. வாயில ஈரம்.