வாசகர் நிறுத்தும் வரை

பாவ அறிக்கையை முதலிலிருந்தே சொல்கிறேன், தந்தையே. எனக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்பார்கள். முகத்தைப் பார்த்தபின் வேறு எதையாவது பாராட்டியாக வேண்டுமே. அப்படித்தான் மடத்தில் சாப்பாட்டு வேளையில் புனிதர் கதை வாசிக்கும் வேலை எனக்கு வந்தது.

எங்கள் புனிதர் பெர்ன்வினின் கதையைப் புதிதாக எழுதியவனும் நானே. மணமான குருக்களை அரசர் வெளியேற்றி, இந்த மடத்தைத் துறவிகளான எங்களிடம் கொடுத்திருந்த சமயம். புதிய ஒழுங்குக்கு ஏற்ற புனிதர் வேண்டும் என்றார் மடத்துத் தலைவர். எழுதினேன். பெர்ன்வின் பெண் முகம் பார்த்ததில்லை, இறைச்சி தொட்டதில்லை, சிரித்ததுகூட இல்லை.

பழைய குருக்களில் எல்மர் மட்டும், மனைவி எடித்தை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, துறவி உடை போட்டுத் தங்கிவிட்டார். பெர்ன்வின் அவருக்குச் சொந்தப் பெரியப்பா.

"அடேய், உன் கதையில எங்க பெரியம்மா எங்கடா?" என்று தோட்டத்தில் மடக்கினார். "அவ சுட்ட விலாங்குக்காகவே மனுஷன் பூசையை அவசரமா முடிப்பாரு. நாளைக்கு மடத்தைப் பாக்க மேலிடத்து ஆயர் வரட்டும், நானே சொல்றேன்."

"வேணாம் பெரியவரே. புனிதருக்கே பொண்டாட்டின்னா, மடம் திரும்ப கல்யாணமான குருக்கள் கைக்குப் போயிடும்."

"போகட்டுமே. சாப்பாடாவது வாய்க்கு ருசியா இருக்கும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அன்று மதியம் மீன். உணவறையில் யாரும் பேசக்கூடாது. வாசகர் நிறுத்தும் வரை யாரும் எழக்கூடாது. எல்மரின் தொண்டையில் முள் சிக்கியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டார். முகம் நீலம் பாரித்தது. சகோதரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

எடுத்த அத்தியாயம் சின்னது. அது முடிந்த பிறகும் அவர் கை மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆகவே ஏட்டில் இல்லாததை வாசித்தேன்: 'ஒரு மதிய உணவின்போது புனிதர் வந்து, தமக்குப் பிரியமானவரை ஒரு சொல்லும் பேசவிடாமல் அழைத்துப் போனார்.' தட்டுவது நின்றதும் புத்தகத்தை மூடினேன். சகோதரர்கள் அற்புதம் என்று மண்டியிட்டு அழுதார்கள்.

ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார், தந்தையே. பிழைத்தால் பேசியிருப்பார்.

எடித் வாசலில் நின்று கேட்டாள்: "கடைசியா ஏதாவது சொன்னாரா சாமி?"

"இல்லம்மா. மௌனத்தைக் காப்பாத்திட்டாரு."

அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். அவருக்கு என்னாலான கைம்மாறாக, இப்போது எல்மரின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அருமையான துறவியாக வந்திருக்கிறார்.

அதில் அவருக்கு மனைவி இல்லை.