டகரம் கேட்ட இளநீர்

இளநீரும் ஸ்ட்ராவுமாக வீற்றிருக்கும் தலைவர் வெங்கடநாராயணன் அவர்களே! இலக்கணத்தை இடுப்பில் செருகி வந்திருக்கும் துணைத்தலைவர் வைத்தியநாதன் அவர்களே! பெஹாலாவிலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியோர்களே! பிள்ளை பரிசு வாங்கிய படத்தை இன்னும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கும் அன்னையர்களே! நம் பவானிபூர் மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாண்டுகளோடு மல்லுக்கட்டும் யசோதாவின் வணக்கம்.

சற்றுமுன் ஒரு சிறுவன் பத்துச் செய்யுள்களை மூச்சு விடாமல் முழங்கினான். கீழே இறங்கியவனிடம், "தாகமா இருக்கா கண்ணா?" என்றேன். "அது எத்தனையாவது பாட்டு ஆன்ட்டி?" என்றான்! சிரிக்காதீர்கள். அவனுக்குப் பரிசுக் கோப்பை கொடுத்தது நாம்தான்.

அடுத்தது என்ன? தீர்மானம்! தெளிவாகப் பேசாத குழந்தைகளுக்கு இனித் தமிழ் வகுப்பில் இடமில்லையாம். 'குழந்தைகள்' என்று எழுதியிருக்கிறார்கள். மரியாதைப் பன்மை போலும்! ஏனென்றால் அப்படி இருப்பவள் ஒரே ஒருத்தி. ராம்கி, மது தம்பதியின் மகள், ஐந்து வயது மாதங்கி. காது நன்றாகக் கேட்கிறது. சொல் மட்டும் வாசல்வரை வந்து திரும்பிவிடுகிறது.

அவள் அம்மா மதுவுக்கு அறிவுரை சொல்லாதவர் இந்த அரங்கில் யார்? "ஆத்துல தமிழ், வெளியில பெங்காலி, ஸ்கூல்ல இங்கிலீஷ். குழந்தை குழம்பாம என்ன பண்ணும்? தமிழை நிறுத்துங்கோ" என்றார் ஒரு மாமி. அதே மாமி காய்காரரிடம் பெங்காலியில் பேரம் பேசுகிறார், வாட்ச்மேனை இந்தியில் அதட்டுகிறார், மருமகளை மூன்றிலும் திட்டுகிறார். அவர் குழம்பவில்லையே! மொழி கூடியதால் வந்த குறையல்ல இது, தாய்மார்களே. வீட்டின் பேச்சையும் பிடுங்கிவிட்டால் அவள் யாரோடுதான் பேசுவாள்?

வகுப்பில் சொற்களைக் கைதட்டிப் பிரித்தோம். படம் காட்டிக் கதை பேசினோம். மாவை உருட்டி எழுத்துச் செய்தோம். பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம் என் முந்தானையை இழுத்தாள். சிலேட்டில் மேலிருந்து ஒரு கோடு, அப்படியே பக்கவாட்டில் ஒரு கோடு: ட! ஜன்னலுக்கு வெளியே நின்ற இளநீர் வண்டியைக் காட்டினாள். இந்த ஊரில் இளநீருக்கு என்ன பெயர்? "டா...ப்" என்றாள்.

மது அழுதுவிட்டாள். "மிஸ், இத்தனை நாளா கையப் பிடிச்சு இழுப்பா, கீழ விழுந்து அழுவா. இன்னிக்குக் கேக்கறா மிஸ்!"

மேற்பார்வைக்கு வந்திருந்த நம் துணைத்தலைவர் என்ன சொன்னார்? "டகரம் மொழிக்கு முதல்ல வராதும்மா. தவிர, இது பெங்காலி. இளநீர்னு எழுதச் சொல்லு."

ஆகா! தாகத்துக்கே இலக்கணம் கேட்ட தமிழே, நீ வாழ்க!

எழுத்து எதற்கு ஐயா? கோப்பைக்கா? கேட்பதற்கு! வேண்டும் என்று சொல்வதற்கு! வேண்டாம் என்று மறுப்பதற்கு! நானும் இங்கே இருக்கிறேன் என்று காட்டுவதற்கு! தீர்மானத்தில் கையெழுத்திடத் துடிக்கும் கைகளே, "தெளிவாகப் பேசிவிட்டு வா, பிறகு எழுத்துச் சொல்லித் தருகிறேன்" என்று அன்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், இன்று எந்தக் கையெழுத்தைப் போடுவீர்கள்? கட்டைவிரலையா?

என்ன, மணி அடிக்கிறீர்களா? முடிக்கிறேன். அதற்குமுன் கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள். ஒரு சிலேட்டு உயர்ந்திருக்கிறது. அதில் என்ன எழுத்து? சொல்லுங்கள்! கேட்கவில்லை, இன்னும் உரக்க!

ஆம், ட! அவள் பார்ப்பது என்னையல்ல, தலைவர் முன் இருக்கும் இளநீரை. தலைவர் அவர்களே, மன்னியுங்கள், எடுத்துக்கொள்கிறேன். மாதங்கி, மேடைக்கு வாம்மா!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. கேட்கக் கற்றுக்கொண்ட அவளுக்கு என் வணக்கம். வைத்தியநாதன் ஐயா, நாற்காலியைச் சற்று நகர்த்தி வழிவிடுங்கள். டகரம் முதலில் வருகிறது!