சைதூன் பீவி சொன்னதாக நான் சொன்னது

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் காகிதம் நமுத்துப்போகும். ஒரு கோடு இழுத்தால் மை ஊறி மூன்று கோடாகும். அதனால் ஆனி, ஆடியில் நான் வரைபட வேலையைத் தொடுவதில்லை. உட்காருங்கள், முகைதீன் பிச்சை. நீங்கள் கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன்.

நான் தென்காசிக்காரன். சுமத்திராவில், பாடாங் நகரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனேன். அங்கே ஒரு டச்சுத் துரை, மினாங்கபாவு மக்களின் பேச்சை ஊர் ஊராகக் கேட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காது கூர்மை என்று துணைக்குச் சேர்த்துக்கொண்டார். அம்மாவை ஒரு மலைச்சரிவில் 'அமாக்' என்பார்கள், அடுத்ததில் 'மாந்தே', இன்னும் தள்ளிப் போனால் 'பியாய்'. ஒரு சொல் நின்று மறு சொல் தொடங்கும் இடத்தில் கோடு விழும். வருஷக்கணக்காக அலைந்தோம். துரை காய்ச்சலில் போனார். வரைபடம் என் கைக்கு வந்தது. ஒரு பள்ளத்தாக்கு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மலை சரிந்து பாதை அடைபட்டதால் அங்கே நாங்கள் போகவே முடியவில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகு அந்தப் பாதை திறந்திருக்கிறது. உங்கள் தம்பி மசூது அந்தப் பள்ளத்தாக்கில்தான் பெண் கட்டியிருந்தார். அவளோடு ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் காலராவில் போய்விட்டார். அப்போது உங்கள் உம்மா பாத்திமுத்து, மருமகளைக் கூட்டிக்கொண்டு கடையநல்லூரிலிருந்து என்னைத் தேடி வந்தார்.

"அண்ணாச்சி, இந்தப் புள்ள எந்நேரமும் அழுதுக்கிட்டே இருக்கு. அது பேசுதது எங்க யாருக்கும் வெளங்கல. என்ன வேணும்னு கேட்டுச் சொல்லுங்க."

நான் அவள் மொழியில் நலம் விசாரித்தேன். சைதூன் பீவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பியாயிடம் போகணும்" என்றாள். அந்த வெற்றிடத்துக்கு எனக்குக் கிடைத்த முதல் சொல் அது.

"அவ பாஷையில கொஞ்ச நாள் பேசிக்கிட்டிருந்தா மனசு ஆறும்னு சொல்லுதா" என்று உங்கள் உம்மாவிடம் சொன்னேன். அது அப்படியொன்றும் பெரிய பொய்யில்லை. அவள் முகம் தெளிந்ததை அவரும் பார்த்தார். வாரம் தவறாமல் கூட்டி வந்தார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. சுரண்டைக்காரன் தாசில்தாருக்கு முன்னால் பேசுகிற தமிழையா வீட்டில் பேசுவான்? சைதூனும் என்னிடம் மரியாதைக்காக பாடாங் கடைத்தெருப் பேச்சையே பேசினாள். வீட்டுப் பேச்சை எவ்வளவு கேட்டும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள்மேல் குறை சொல்வதற்கில்லை.

நீங்கள் பினாங்குக்குக் கப்பலேற இருந்தீர்கள். அவளையும் ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுவதாக ஏற்பாடு. உங்கள் உம்மாவோடு விடைபெற வந்தாள். வழிக்கென்று உங்கள் உம்மா சுட்ட அதிரசத்தில் எனக்கும் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள்.

நான் அவளை உட்காரச் சொன்னேன். பாடாங்கிலிருந்து சேதி வந்திருக்கிறது என்றேன். மலை மறுபடி சரிந்துவிட்டது, உன் தாயும் வீடும் மண்ணுக்குள் போய்விட்டன என்றேன். அந்த நாட்டில் வீடு தாய்க்குச் சொந்தம். அவளுக்குப் பின் மகளுக்கு. வீட்டை விட்டுவைத்திருந்தால் அவள் கிளம்பிப் போயிருப்பாள். அதனால் இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

துக்கத்தில் யாரும் கடைத்தெருப் பேச்சுப் பேசுவதில்லை. அவள் தரையில் விழுந்து தாயைக் கூப்பிட்டு அழுதாள். அத்தனை மாதம் எனக்குக் காட்டாத ஒலியெல்லாம் அதில் வந்தது. நான் எழுதிக்கொண்டேன்.

உங்கள் உம்மா பதறிப்போனார். "என்ன சொல்லுதா? என்னத்துக்கு இப்படிக் கதறுதா?"

"உங்கள விட்டுட்டுப் போக மனசு வரலியாம். இங்கனயே இருந்துக்கிடுதேன்னு சொல்லுதா."

உங்கள் உம்மா அவளை மார்போடு அணைத்துக்கொண்டு தாமும் அழுதார். "நீ எங்கயும் போவாண்டாம், எம் மவளே" என்றார். அன்று உங்களுக்கும் அந்த மொழி தெரியாது. தனியாகக் கப்பலேறினீர்கள். மருமகள் தம்மை விட்டுப் போக மறுத்த கதையை உங்கள் உம்மா கண்ணை மூடும்வரை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தார். அவ்வளவு சந்தோஷத்தை யார் கெடுப்பது?

மார்கழியில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தான். கடல் அடைபட்டது. சைதூன் பேச்சைக் குறைத்தாள். பிறகு சோற்றைக் குறைத்தாள். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு நோய் ஒன்றுமில்லை என்றார். முடியும் நிலையில் உங்கள் உம்மா வண்டி அனுப்பி என்னை வரவழைத்தார். சைதூன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பியாயைத் தோண்டி எடுத்தார்களா? மண்ணுக்குள்ளேயே குளிர்ந்து கிடக்கிறாளா? கேட்டுச் சொல்லுங்கள்" என்றாள்.

"என்ன கேக்குதா, அண்ணாச்சி?"

"தண்ணி கேக்குதா" என்றேன்.

உங்கள் உம்மா தண்ணீர் எடுத்துவந்து புகட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யுத்தம் முடியும்வரை நீங்கள் பினாங்கிலேயே மாட்டிக்கொண்டு, அந்த மொழியைக் கற்று, அந்தப் பள்ளத்தாக்குக்கும் போய்விட்டு இப்போது திரும்பி வந்திருக்கிறீர்கள். பள்ளத்தாக்கில் மலை சரியவில்லை. அந்தத் தாய் உயிரோடிருக்கிறாள். இந்தியாவிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் மகளை விசாரிக்கிறாள் என்கிறீர்கள். இருக்கலாம். எனக்கு எந்தச் சேதியும் வந்ததில்லை. அன்று சொன்னது என் வாயில் பிறந்தது. அவளைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

நீங்கள் மறுபடி அங்கே போனால் அந்தத் தாயிடம் சொல்லுங்கள். அவள் மகள் அந்நிய ஊரில் அநாதையாகச் சாகவில்லை. அவள் பேசியதில் ஒரு சொல்கூட விடாமல் புரிந்துகொள்ள, கடைசிவரை ஒருவன் பக்கத்திலேயே இருந்தான்.