மரம் ஊறும் வரை

வார்னிஷ் வாடை முதல் வாரம்தான் தலைவலி கொடுக்கும். பிறகு காபியே அப்படித்தான் மணக்கும் என்று மனசு சமாதானமாகிவிடும். நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன், சார்.

என் கணவர் பல் டாக்டர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய மரப் பாய்ப்படகை வாங்கினார். இரண்டு பேர் படுத்துத் தூங்கலாம், சமைக்கலாம். லாரியில் வந்து எங்கள் பின்கட்டில் இறங்கியபோது அதன் அடிப்பலகையில் காளான் முளைத்திருந்தது. இவருக்கோ அது ரதம்.

படகுதான் பின்கட்டில் நின்றது, மற்றதெல்லாம் வீட்டுக்குள். பாய்மரம் வெயிலில் கிடந்தால் வளைந்துவிடுமாம். அதனால் கூடத்தில் ஆரம்பித்து எங்கள் படுக்கையறையில் வந்து முடிந்தது. கதவைச் சாத்த முடியாது. என் தையல் அறையைப் பாய்த்துணி எடுத்துக்கொண்டது. என் அலமாரியின் தேக்குக் கதவு படகுக்குப் போய்விட்டது. என் நாத்தனார் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நான் கொடுத்து வைத்தவள் என்றாள். பிறகு தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருப்பாள்.

இதற்கெல்லாம் நான் முகம் சுளித்ததில்லை. ஒரு நாள் பலகையைச் சுரண்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே நமக்கு எதுக்கு வீடு? படகுலயே இருந்துடலாம். ஞாயித்துக்கிழமை தரகர் வராரு."

அந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னலும் நான் பார்த்துப் பார்த்து வைத்தது. அவர் கிளினிக்கே கதி என்று கிடந்தபோது கொத்தனாரோடு மல்லுக்கு நின்றவள் நான். சரிங்க என்றேன்.

மரப்படகில் பலகைகளுக்கு நடுவே இடுக்கு இருக்கும். பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். அப்படியும் முதன்முதலில் தண்ணீரில் இறக்கினால் கசியும். மரம் தண்ணீரைக் குடித்து உப்பினால் இடுக்கு தானாக மூடிக்கொள்ளும். தண்ணீர் வந்தால் பயப்படவே கூடாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இவர் பாடம் எடுப்பார். உள்ளே திரி இருக்கும்வரைக்கும் அது உண்மைதான்.

இவருக்கு முதுகு வலி. படகுக்கு அடியில் படுத்துத் திரி அடிக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்குத்தான் பொறுமை அதிகமாம். சுத்தமாகச் செய்தேன். அடியில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் திரி வைக்கவில்லை. பட்டியை மட்டும் வழித்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தேன். இவர் விரலால் தடவிப் பார்த்துப் பிரமாதம் என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் வேலையை அவர் பாராட்டியது அன்றுதான். கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது.

தண்ணீரில் இறக்கிய முதல் நாள் கரையிலேயே கட்டிப் போட்டார். கொஞ்சம் கசிந்தது, பிறகு நின்றுவிட்டது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பாய் விரித்துக் கிளம்பினார். எனக்கு வயிறு சரியில்லை என்றேன். இவருக்கு நீச்சல் தெரியாது. படகு இருக்கும்போது நீச்சல் எதற்கு என்பார். காற்றில் படகு சாய்ந்ததும் பட்டி பிய்த்துக்கொண்டிருக்க வேண்டும். போன் வந்தது.

"உள்ள தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சு. திரும்பிடட்டுமா?"

"நீங்கதானே சொல்வீங்க, மரம் ஊறணும்னு. கொஞ்சம் பொறுங்க."

"ஆமால்ல," என்றார். குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் அடுப்பில் பாலை வைத்தேன்.

படகு மூழ்கியதை உங்கள் ஸ்டேஷனில் விபத்து என்று எழுதியிருந்தீர்கள், பரவாயில்லை. நான் பேராசைக்காரி இல்லை, சார். அந்த வீடு கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக மட்டுமே செய்தேன். போன மாதம் அதை விற்றுவிட்டேன். அவ்வளவு பெரிய வீட்டில் ஒண்டியாக எப்படி இருப்பது, பேச்சுத் துணைக்குக்கூட ஓர் ஆள் இல்லையே.