ஏழாம் நிலையம்

— முதல்ல அந்தக் கதிரையில இருங்கோ, வீரையா மாமா. பஸ்ஸிலயும் நிண்டுகொண்டுதான் வந்திருப்பியள்.

— ஒட்டுசுட்டான்ல இருந்து நின்னுக்கிட்டுத்தான் வந்தேன். இன்னும் கொஞ்சம் நின்னா செத்துட மாட்டேன். நீ இந்தக் கடுதாசிய சத்தமா வாசி, சுதர்சினி புள்ள.

— போஸ்ட் மாஸ்டர் கதிர்காமநாதன் வாசிச்சுச் சொன்னவர் எண்டு இப்பதானே சொன்னியள்?

— அவரு வயலும் தண்ணியில போயிருச்சு. கோவத்துல ரெண்டு வார்த்த சேத்து வாசிச்சிருப்பாரு.

— "குளத்து அளவுப்பலகையை வாசிப்பவர் தொலைபேசியில் தந்த பிழையான அளவுகளால் வான்கதவு உரிய நேரத்தில் திறக்கப்படவில்லை. இருநூற்றுப் பத்து ஏக்கர் வயல் அழிந்தது. நாளை காலை வயலிழந்த கமக்காரர் முன்னிலையில் விசாரணை."

— சேக்கல. மனுசன் உள்ளதத்தான் வாசிச்சிருக்காரு.

— மாமா, அது நீர்ப்பாசன மேலிடத்தில அடிச்ச கடிதம். நான் எழுதேல்லை.

— யாரு அடிச்சா என்ன? ஜெகதீஸ்வரி கடையில வெத்தல கேட்டா காது கேக்காதவ மாதிரி நிக்கிறா. எழுவத்தேழு கலவரத்துல மலைத் தேயிலத் தோட்டத்துல இருந்து அடிச்சு வெரட்டுனானுக, இங்க வந்தோம். காட்ட வெட்டுனோம். சண்டையில ஓடுனோம், திரும்பி வந்தோம். நாப்பது வருசம் ஆச்சு புள்ள, அந்த ஊருக்காரன் வாயில 'நம்ம வீரையா'ன்னு வர்றதுக்கு. ஒரே மழையில திரும்பவும் தோட்டக்காட்டான் ஆயிட்டேன். நாளைக்கு பிழ என் மேலன்னு முடிவாச்சுன்னா, நான் அந்த ஊருல இருக்க ஏலாது.

— நீங்கள் பிழையா வாசிச்சிருக்க மாட்டியள். எனக்குத் தெரியும்.

— ஒனக்குத் தெரிஞ்சு என்ன? ஒன் மிசினு சொல்லணும்.

— மிசின் இல்லை மாமா, புரோகிராம். ஒன்பது குளத்து அளவையும் மழையையும் வாங்கி, தண்ணி எவ்வளவு ஏறும், எப்ப கதவைத் திறக்கோணும் எண்டு கணக்குப் பார்த்துச் சொல்லும்.

— அதுதான் சொல்றேன். கடைசிக் கணக்க மட்டும் சொல்லுது. நடுவுல என்ன பண்ணுச்சு? நான் சொன்னது அதுக்குக் கேட்டுச்சா? வாய மூடிக்கிட்டு வேல செய்றவன நான் நம்புறதில்ல.

— அதுக்கு வழி கிடக்கு. ஒவ்வொரு இடத்திலயும் ஒரு வரி போட்டுவிட்டா, "இப்ப இந்தக் குளத்து அளவை எடுக்கிறன்" எண்டு அதுவே எழுதிக்கொண்டு போகும். லொக் எண்டு சொல்லுறது.

— கொண்டக்டர் ஒவ்வொரு ஹோல்ட்டுக்கும் கத்துவானே, அந்த மாதிரி.

— ஓம், அதேதான்.

— அப்ப இத்தன வருசமா ஏன் கத்த வைக்கல?

— நான் கம்பசில படிப்புக்கு இதை எழுதேக்க இருந்தது. எழுதி எழுதி வேகம் குறையுது எண்டு எங்கட லெக்சரர் சேர் எடுக்கச் சொன்னவர். பிறகு இங்க வேலைக்கு வந்தும் நான் போடேல்லை.

— இப்ப போடு.

— போடுறன். உங்கட குளம் ஏழாம் நிலையம். அளவை எடுத்திருந்தா "எடுத்தது" எண்டு வரும். எடுக்காட்டி "விட்டது" எண்டு வரும்.

— விட்டுச்சுன்னா, ஏன் விட்டேன்னும் கேளு.

— விட்டிருக்காது மாமா.

— கேக்குறதுக்கு ஒனக்கு என்ன நட்டம்?

— சரி, சரி. நிலையப் பட்டியல்ல குறிப்பு எண்டு ஒரு இடம் கிடக்கு. அதில உள்ளதையும் எழுதச் சொல்லுறன். இந்தா, பழைய நாள் எல்லாத்தையும் திரும்ப ஓட விட்டிட்டன். கொஞ்சம் செல்லும்.

— ஓடட்டும். நீ மொத மொத வந்தது ஞாபகம் இருக்கா? பலகை நடுறேன்னு எறங்கி, இடுப்பு மட்டும் சேத்துல பொதஞ்ச.

— மறப்பனே? நீங்கள் கயிறு போட்டு இழுத்தனீங்கள். மாமி ரொட்டியும் சம்பலும் தந்தவா. மூண்டு மாதம் உங்கட வீட்டுச் சாப்பாடுதானே.

— அவ போயி ஒரு வருசம். அவள அடக்கம் பண்ணுன அன்னிக்கும் காலையில கொளத்துக் கட்டுக்குப் போயி அளவு பாத்து ஒனக்கு போன் அடிச்சேன்.

— தெரியும் மாமா. ஆ, வந்திட்டுது. முதலாம் நிலையம், எடுத்தது. இரண்டாம் நிலையம், எடுத்தது. மூண்டு, நாலு, அஞ்சு, எடுத்தது. ஆறாம் நிலையம், எடுத்தது. ஏழாம்...

— ஏழாம்?

— பொறுங்கோ.

— என்ன புள்ள, பேச்சு நின்னுருச்சு?

— ஒண்டுமில்லை. எழுத்து சின்னனாக் கிடக்கு. ஏழாம் நிலையம்... எடுத்தது.

— எடுத்துச்சா?

— ஓம். நீங்கள் அங்காலயே நில்லுங்கோ மாமா, வயர் காலில தட்டுப்படும்.

— கிட்ட வந்து என்னத்தப் பாக்க? இங்கிலீசு எனக்கு எங்க தெரியும்? இந்தா, தெனமும் அளவு எழுதுற என் கொப்பி. நம்பர் மட்டும் எழுதப் படிக்கத் தெரியும். நான் தேதியும் அளவும் வாசிக்கிறேன், அங்க அதே கெடக்கான்னு சொல்லு. டிசம்பர் பன்னெண்டு. பதினாறடி நாலு அங்குலம்.

— பதினாறடி நாலு அங்குலம். ஓம், கிடக்கு.

— பதிமூணு. பதினேழடி ஒரு அங்குலம். கட்டு தாங்காது, தெறக்கச் சொல்லுன்னு அன்னிக்குக் கத்துனேன்.

— பதினேழடி ஒரு அங்குலம். கிடக்கு.

— நானும் சரியா சொல்லிருக்கேன், அதுவும் கேட்டிருக்கு. பின்ன ஏன் தெறக்கச் சொல்லல?

— அது வேற எங்கயோ பிழை. மழைக் கணக்கில இருக்கும். நாளைக்கு, ஒருத்தரிலயும் பிழை இல்லை எண்டு சொல்லி முடிப்பம் மாமா.

— இன்னும் ஒரு நாள் பாத்துரு. செப்டெம்பர் இருபத்தொண்ணு. ஆறடி ரெண்டு அங்குலம்.

— ஆறடி இரண்டு அங்குலம். அதுவும் கிடக்கு. எடுத்தது.

— நல்லாப் பாத்தியா?

— ஓம் மாமா. அப்பிடியே கிடக்கு.

— அன்னிக்கு போன்ல நான் ஆறடின்னு சொல்லல, மிஸ். நாப்பத்தொரு அடின்னு சொன்னேன்.

— என்ன மாமா சொல்லுறியள்?

— கொளமே பதினெட்டு அடி. நாப்பத்தொரு அடி தண்ணி வந்தா ஒட்டுசுட்டான் சந்தியில வள்ளம் விடலாம். நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள "ஓம் மாமா, பதிஞ்சாச்சு"ன்னு வைக்கிறீங்களே, அந்தப் பக்கம் காது இருக்கான்னு பாத்தேன். சிரிப்பீங்கன்னு நெனச்சேன். "ஓம் மாமா, பதிஞ்சாச்சு"ன்னு வச்சிட்டீங்க. உள்ளத சொல்ல மூணு தடவ திருப்பி அடிச்சேன், எடுக்கல. ஆறடி ரெண்டு அங்குலம் இந்தக் கொப்பியில மட்டுந்தான் இருக்கு. ஒங்க மிசினுக்கு யாரு சொன்னா?

— மாமா, நான்...

— அப்பவும் நம்புனேன். கொழப்பத்துல கேக்கல, அப்புறம் திருத்திப் போட்டிருக்கும், நம்ம புள்ளதானேன்னு. இப்ப அங்க உள்ளத வாசிங்க, மிஸ்.

— "ஏழாம் நிலையம், விட்டது." எல்லா நாளும் அதுதான். ஆறு வருசமும். அளவே இல்லை. முதல் மாதம் உங்கட அளவு எங்கட கணக்கோட ஒத்துவரேல்லை. எனக்குக் கம்பஸ் பைனல் சோதனை கிட்டடியில. அந்த ஒண்டை நிப்பாட்டிப்போட்டுப் பார் எண்டு சேர் சொன்னவர். பிறகு திருப்பிப் போடுவம் எண்டு இருந்து மறந்திட்டன். சத்தியமா மறந்திட்டன் மாமா.

— ஏன் விட்டேன்னும் கேட்டோமே. அதையும் வாசிங்க.

— வேண்டாம் மாமா.

— வாசிங்க.

— "வாசிப்பவர் தோட்டத்து ஆள். படிப்பில்லை. நம்ப ஏலாது."

— அதையும் சேருதான் எழுதச் சொன்னாரா?

— இல்லை. நானா எழுதினது. உங்கட குசினியில இருந்து... மாமி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவா.

— அந்தத் தாள இப்பவே அடிச்சுத் தாங்க. நாளைக்கு நீங்க வாசிக்க வேணாம், மிஸ். கதிர்காமநாதன் வாசிக்கட்டும். அந்தாளு ஒண்ணும் சேக்கவும் மாட்டாரு, விடவும் மாட்டாரு.